புகையிலை போடாத பெண்ணின் பல்

பல் டாக்டர் என்று புதிதாகப் பலகை மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான். அசையாத பல்லை எப்படிப் பிடுங்கினீர்கள், நிற்காத இரத்தத்தை எப்படி நிறுத்தினீர்கள் என்று. அதையெல்லாம் உங்கள் புத்தகங்கள் என்னைவிட ஒழுங்காகச் சொல்லும். நான் சொல்ல விரும்புவது ஒரு பல்லைக்கூடப் பிடுங்காத கதை. ஒரு பெண்ணின் பல்லில் இருந்த கறையைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்காகச் சேலத்திலிருந்து குமாரபாளையம் வரை பஸ் ஏறிப் போன கதை.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. இரண்டாம் உலகப் போர் தொடங்க இன்னும் ஓரிரு வருஷம் இருந்தது. நான் கல்கத்தாவில் பல் வைத்தியம் படித்துவிட்டுச் சேலம் கடைவீதியில் ஒரு மாடியில் கடை போட்டிருந்தேன். கடை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் கோபித்துக்கொள்வதில்லை. முன்னறையில் ஒரு பெஞ்சு, உள்ளறையில் ஒரு நாற்காலி, இரண்டுக்கும் நடுவில் ஒரு துணித் திரை. அந்தத் திரை இந்தக் கதைக்கு முக்கியம், மறந்துவிடாதீர்கள்.

அந்த நாளில் எனக்கு ஒரு திமிர் உண்டு. பல்லில் இருக்கிற கறையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். வெற்றிலை பாக்கு என்றால் செங்காவி நிறத்தில் எல்லாப் பல்லிலும் பரவியிருக்கும். பீடி என்றால் கீழ்வரிசை முன்பற்களின் பின்புறத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் போதும். இரும்புச்சத்து டானிக் குடிப்பவர்களுக்கு ஈறோரம் கறுத்த கோடு விழும். அடிபட்டு நரம்பு செத்த பல் மட்டும் வரிசையில் தனியாகச் சாம்பல் பூத்து நிற்கும். செங்கல் பொடி போட்டு அழுத்தித் தேய்ப்பவர்களுக்குச் சில வருஷம் பல் பளிச்சென்று இருக்கும். பிறகு மேல்பூச்சு தேய்ந்து உள்ளே இருக்கும் மஞ்சள் வெளியே வந்துவிடும், அவர்களும் மஞ்சளைப் போக்க இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள்.

பீடி குடிக்கும் பையன்களைப் பிரம்பால் விளாசும் தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். வாயைத் திறந்ததும், "ஒரு நாளைக்கு எத்தனை பீடி சார்?" என்றேன். மனிதர் திரைப்பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, வாய்க்குள் என் கண்ணாடி இருக்கும்போதே நான்கு விரலைக் காட்டினார். இதை நான் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கடைவீதியில் எனக்கு ஜோசியக்கார டாக்டர் என்று பெயர் விழுந்தது. தலைக்கனம் ஏறுவதற்கு இவ்வளவு போதாதா?

அந்தச் சமயத்தில்தான் ஓமலூருக்கு அந்தப் பக்கம் ஒரு மானாவாரி ஊரிலிருந்து காளியண்ணன் என்ற விவசாயி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணின் பெயர் பாவாயி, வயது பதினேழு இருக்கும். மாடியேறி வந்ததிலிருந்து முந்தானை நுனி வாயைவிட்டு இறங்கவில்லை.

"குமாரபாளையத்துல இடம் கூடி வந்திருக்குதுங்க டாக்டரே," என்றார் காளியண்ணன். "கோயில்ல தூரத்துல இருந்து பாத்துட்டாங்க, புடிச்சுப் போச்சு. வார வெள்ளிக்கெழமைக்கு அடுத்த வெள்ளி ஊட்டுக்கு வாராங்க. புள்ள வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசோணுமுங்களே. அதுக்குள்ள பல்ல வெளுத்துக் குடுத்துருங்க."

பாவாயியை நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். முன்பற்களில் குறுக்காகப் பட்டை பட்டையாகப் பழுப்பு. ஆங்காங்கே சுண்ணாம்புத் திட்டு மாதிரி வெள்ளை. பார்த்த மாத்திரத்தில் நான் தீர்மானித்துவிட்டேன். எந்த ஊர், என்ன சாப்பிடுகிறாய், எத்தனை நாளாக இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் ஜோசியக்காரனுக்கு என்ன மரியாதை?

"புகையிலை எத்தனை வருஷமா போடறே, பாப்பா?" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். "நான் போடறதில்லீங்க."

"பல் பொய் சொல்லாது," என்று சிரித்தேன். சிரித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கல்யாணமாகாத பெண் மறைவாகப் புகையிலை போடுகிறாள் என்பது அந்த நாளில் சின்னப் பேச்சு இல்லை. வயதான பெண்கள் போடுவார்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பதினேழு வயதுப் பெண் போட்டால் பழக்கம் சரியில்லை என்பார்கள். அதைவிட, பெற்றவர்களை ஏமாற்றுகிறாள் என்பார்கள். காளியண்ணன் மகளைப் பார்த்த பார்வையில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவர் சத்தம் போடவில்லை, "அப்படியா சங்கதி," என்று மட்டும் சொன்னார். பாவாயி அவர் பக்கம் திரும்பி இன்னொரு தரம், "நான் போடறதில்லீங்கய்யா," என்றாள்.

நான் வேலையை ஆரம்பித்தேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த முறை, பஞ்சில் ஆசிட்டை நனைத்துப் பல்லில் தடவி, சூடேற்றிய கருவியை அருகில் காட்டி, பிறகு பொடி போட்டு உராய்வது. மேல்வரிசையில் இடதுபக்க முன்பல் ஒன்றில் செய்தேன். பழுப்புக் கொஞ்சம் வெளுத்தது, ஆனால் போகவில்லை. போகாதபோது நிறுத்தியிருக்க வேண்டும். நான் இன்னொரு முறை தடவி, இன்னும் கொஞ்சம் சூடு காட்டினேன். அவள் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், இரண்டு கண்ணிலும் நீர் வழிந்தது. "சரி, மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம்," என்று அனுப்பிவிட்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் கன்னம் வீங்கிப் போய் ஒரு நூல் வியாபாரி உட்கார்ந்திருந்தார். குமாரபாளையத்துக்காரர். அவர் வாய்தான் வீங்கியிருந்தது, காது நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் கடை திறந்து அரைமணி ஆகவில்லை, மாடிப்படியில் ஒரு கூட்டமே ஏறி வரும் சத்தம் கேட்டது. முதலில் காளியண்ணன். அவருக்குப் பின்னால் ஒரு நடுவயதுப் பெண்மணி, கடைவாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு. அவருக்குப் பின்னால் பாவாயி. அவளுக்குப் பின்னால் அவர்கள் ஊரைச் சேர்ந்த ஏழெட்டு வயதுக் குழந்தைகள் ஆறு பேர், டவுனுக்கு வந்த சந்தோஷத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு. எல்லோரும் விடிவதற்கு முன்னால் வண்டி கட்டி ஓமலூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்திருக்கிறார்கள்.

காளியண்ணன் முகம் வெளிறியிருந்தது. "வரமாட்டோமின்னு மாப்பள ஊட்டுல இருந்து ஆளு உட்டுட்டாங்க," என்றார். "புள்ள திருட்டுத்தனமாப் போயிலை போடுதாம், கேட்டா பொய் சொல்லுதாம். டாக்டரே சொன்னாராம். அங்கத்த நூல்காரரு ஒருத்தரு சொன்னாராமுங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நடந்தது நடந்துபோச்சு. இன்னைக்குப் பொழுதுக்குள்ள அத்தன பல்லையும் வெளுத்துக் குடுங்க. நானே கூட்டிக்கிட்டுப் போயி, பாருங்க எம்புள்ள பல்லு எப்பிடி இருக்குதுன்னு காட்டிப்போட்டு வந்தர்றேன்."

"வேண்டாமுங்கய்யா," என்றாள் பாவாயி.

இந்த முறை முந்தானை வாயில் இல்லை. நேராக என்னைப் பார்த்துப் பேசினாள்.

"இவங்க எங்கம்மா. போயிலை போடறவங்க. அவங்க பல்லையும் சொரண்டுங்க, எம்பட பல்லையும் சொரண்டுங்க. ரெண்டும் ஒண்ணாப் போவுதான்னு பாருங்க. அப்புறம் இந்தப் பொடுசுக வாயப் பாருங்க. அதுகளுமா போயிலை போடுது?"

அவள் அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, வாயைக் கொப்பளித்து, பட்டத்து ராணி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்கூட்டுக்காரரு ஒரு வாரமா எம்மவகூடப் பேசறதில்லீங்க. நல்லாப் பாருங்க டாக்டரே."

கருவியை எடுத்துச் சுரண்டினேன். கருஞ்சிவப்புக் கறை செதில் செதிலாக உதிர்ந்தது. நாலைந்து நிமிஷத்தில் உள்ளே இருந்து பால் மாதிரி வெள்ளைப் பல் எட்டிப் பார்த்தது. பிறகு பாவாயியை உட்காரவைத்து அதே கருவியால் சுரண்டினேன். ஒன்றும் வரவில்லை. கறை பல்லின் மேல் இல்லை, பல்லோடு சேர்ந்தே வளர்ந்திருந்தது. குழந்தைகளை வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். பால்பல் விழுந்து புதிதாக முளைத்த முன்பற்கள், ஐந்து பேருக்கு அதே பழுப்புப் பட்டை. முளைத்து ஒரு வருஷம் ஆகாத பல்! ஆறாவதாக நின்ற ஒரு சின்னப் பெண்ணுக்கு மட்டும் முல்லைப் பூ.

கல்கத்தாவில் படித்த எனக்கு, கறைபடிந்த பல்லைச் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். படியிறங்கி எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

அப்போதுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "எல்லோரும் எங்கே தண்ணீர் குடிக்கிறீர்கள்?"

எல்லோருக்கும் ஒரே கிணறு. மூன்று தலைமுறைக்கு முன் பாறையை உடைத்து வெட்டிய ஆழமான ஊர்க் கிணறு, எந்தக் கோடையிலும் வற்றாதது. அந்த முல்லைப் பூப் பல்காரி மட்டும் ஊரைவிட்டுத் தள்ளித் தோட்டத்துச் சாளை வீட்டில் இருப்பவள், அவர்களுக்கு ஓடையோரத்தில் தனிக் கிணறு. பாவாயியின் அம்மா காவேரிக் கரையில் பிறந்து வளர்ந்து, பல்லெல்லாம் முளைத்த பிறகு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வேறு தேசங்களில் சில ஊர்த் தண்ணீரால் பல் பழுப்பாகிறது என்று ஒரு பத்திரிகையில் எப்போதோ படித்தது எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. ஃப்ளோரைடு என்று இன்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிடுவீர்கள். என் கண் முன்னால் ஆறு குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்ற பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

"கவுண்டரே, என்னை மன்னிக்கணும்," என்றேன். "உங்கள் மகள் சொன்னது நிஜம். தப்பு என்னுடையது."

அவர் அதைக் கேட்டுக்கொண்டாரே தவிர, மனம் அதில் நிற்கவில்லை. "செரிங்க, அது கெடக்குது. இப்ப வெளுத்துக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

தம்பி தங்கைகளே, இந்த இடம்தான் நம் தொழிலில் வழுக்குகிற இடம். எதிரே நிற்பவர் கெஞ்சுகிறார், காரணமும் நியாயமானது. ஆசிட் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நானே செய்த தப்பை மூடி மறைக்கவும் அதுதான் வழி. பல் கொஞ்சம் வெளுத்தால் நான் சொன்னது பொய்யென்றும் ஆகாது, கல்யாணமும் நடந்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? நான் புட்டியைப் பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிறகு பாவாயியின் அந்த இடது முன்பல்லைப் பார்த்தேன். பளபளப்புப் போய் மங்கிக் கிடந்தது. "குளிர்ந்த தண்ணி பட்டாக் கூசுதா?" என்று கேட்டேன். தலையாட்டினாள்.

"வெளுக்க மாட்டேன்," என்றேன். "இது அழுக்கு இல்லை, போக்குவதற்கு. பல்லையே கரைத்தால்தான் இது போகும்."

"அப்பக் கண்ணாலம்?" என்றார் காளியண்ணன்.

அதற்கும் பாவாயிதான் பதில் சொன்னாள். "நின்னா நிக்கட்டுமுங்கய்யா." என் பக்கம் திரும்பினாள். "பல்லு எப்பிடியோ இருந்துட்டுப் போவுது. நான் பொய் சொல்லலீன்னு அங்க போயி நீங்க சொல்லோணும். நீங்க சொன்னதத்தான அவங்க நம்புனாங்க."

நான் உடனே சரியென்று சொல்லவில்லை. ஜோசியக்கார டாக்டர் தப்பாகச் சொன்னான் என்று நானே ஊர் ஊராகப் போய்ச் சொன்னால் கடைக்கு யார் வருவார்கள்? ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். "அவங்களுக்கும் எழுத்துத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது," என்றார் அம்மா. "வாயில சொன்னத வாயிலயே சொல்லிப் போடுங்க." மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, சங்ககிரி வழியாகக் குமாரபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

மாப்பிள்ளை வீடு ஆற்றை ஒட்டிய தெருவில் இருந்தது. அக்கம்பக்கமெல்லாம் தறிச் சத்தம். மாப்பிள்ளையின் அம்மாதான் அந்த வீட்டில் எல்லாம். ஒடிசலான உடம்பு, கணீரென்ற குரல். நான் யார் என்று சொன்னதும் ஆச்சரியப்பட்டு உட்காரச் சொன்னார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சாமர்த்தியமாகப் பேசத் தயார்செய்து வைத்திருந்தது எதுவும் அப்போது வாயில் வரவில்லை.

"அந்தப் பெண் புகையிலை போடுவதில்லை அம்மா. அது அவர்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரால் வந்த கறை," என்றேன்.

"போடுதுன்னு சொன்னது நீங்கதானுங்களே?"

"நான்தான். கேட்காமல், பார்க்காமல் சொன்னேன். அவள் இல்லையென்றாள், நான் நம்பவில்லை. பொய் சொன்னது அவள் இல்லை."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பப் பல்லு வெள்ளையாவாதுங்களா?"

"ஆகாது. இப்படியேதான் இருக்கும்."

"பொறக்கற புள்ளைகளுக்கு?"

"உங்கள் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் வராது. இது தொற்று இல்லை, பரம்பரையும் இல்லை."

உள்ளே போனார். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் சொம்பு நிறையத் தண்ணீர்.

"காவேரித் தண்ணி. பயப்படாமக் குடிங்க, பல்லுக்கு ஒண்ணும் ஆவாது," என்றார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லு என்னத்துக்குங்க? நான் வேண்டாமின்னது பல்லுக்கு இல்ல. பெத்தவங்ககிட்டப் பொய் சொல்ற புள்ள இந்த ஊட்டுக்கு ஆவாதுன்னுதான் வேண்டாமின்னேன். தப்புன்னு சொல்றதுக்குப் பஸ் ஏறி வந்த டாக்டர நான் இப்பத்தான் பாக்கறேன். உங்கள வரவெச்சாளே, அவளுக்கு எத்தன தைரியம் இருக்கோணும்!"

சொன்ன வெள்ளிக்கிழமையே அவர்கள் பெண் பார்க்கப் போனார்கள். எனக்கும் அழைப்பு வந்தது, வெட்கத்தை விட்டுப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா பாவாயியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எங்க கண்ணு, ஒருக்கா நல்லாச் சிரி," என்றார். பாவாயி என் பக்கம் பார்த்தாள், பிறகு சிரித்தாள். முந்தானையை வாய்க்குத் தூக்கிய கை பாதியிலேயே நின்றுவிட்டது. நான் எழுந்து வெளியே போய் மாட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அன்றைக்கே ஊராரிடம், குழந்தைகளுக்காவது ஓடையோரக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுங்கள் என்று சொன்னேன். காளியண்ணன் மாற்றினார், இன்னும் சில வீட்டுக்காரர்கள் மாற்றினார்கள். மற்றவர்கள், எங்கள் தாத்தன் பாட்டன் குடித்த தண்ணீர் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரையும் என்னால் திருத்த முடியவில்லை. சேலத்துக்கு வந்ததும் திரையைக் கழற்றிவிட்டு மரக்கதவு போட்டேன். கறையோடு வருகிறவர்களிடம் முதலில் ஊரையும் தண்ணீரையும் கேட்டேன். அடுத்து ஓரத்தில் மெல்லச் சுரண்டிப் பார்த்தேன். சுரண்டினால் வருவதை எடுத்துவிட்டு, வராததை விட்டுவிட்டேன். உப்பும் கரியும் செங்கல் பொடியும் வேண்டாம், வேப்பங்குச்சியை நன்றாக மென்று மெதுவாகத் தேயுங்கள், வெற்றிலை போட்டால் வாயைக் கொப்பளியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஜோசியக்கார டாக்டர் என்ற பெயர் கொஞ்ச காலத்தில் மறைந்துபோனது. கடைக்கு ஆள் வருவது குறையவில்லை.

சென்ற தை மாதம் என் வீட்டு வாசலில் ஒரு வாழைத்தாரோடு பாவாயி வந்து இறங்கினாள். தலை முழுக்க நரை. நான் பல் வைத்தியனாக ஐம்பது வருஷம் உழைத்தவன், என் வாயில் இருப்பது இரண்டு வரிசையும் கட்டின பல். அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்க டாக்டரே, உங்க பல்லு அத்தனையும் போச்சுங்களா? எம்பட பல்லுல ஒண்ணுகூடச் சொத்தை இல்லீங்க. காவிப் பல்லு, கல்லாட்டம் இருக்குது. முப்பத்தொண்ணு அப்பிடியே இருக்குது."

இதுவும் தண்ணீரின் வேலைதான், கறை கொடுத்த கை சொத்தையைத் தடுத்திருக்கிறது. ஆனால் எனக்கு அந்த யோசனை அப்போது வரவில்லை. "முப்பத்தொன்றா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துக் காட்டினாள். மேல்வரிசையில் இடதுபக்கம் ஒரு முன்பல் இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அது மட்டும் தனியாகச் சாம்பல் நிறமாகிவிட்டதாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து ஒரு நாள் உதிர்ந்துவிட்டதாம்.

"அது நான் செய்தது, பாவாயி," என்றேன்.

"தெரியுமுங்க சாமி," என்றாள். வாழைத்தாரை என் பக்கம் தள்ளிவைத்தாள். "எங்கய்யன் அத்தன கெஞ்சியும் மத்த முப்பத்தொண்ணத் தொடமாட்டேன்னு சொன்னீங்கல்ல, அதுக்குத்தான் இது."

சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள், வாயை மூடிக்கொள்ளாமல்.